கறுப்புப் பெட்டி கிடைத்த பிறகும் கேள்விகள் தீராதது ஏன்? காற்றழுத்தமானியில் தொடங்கும் ஒரு விளக்கம்

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விமானம் விழுந்து 260 பேர் இறந்தார்கள். சில நாட்களுக்குள் விமானத்தின் இரண்டு பதிவுப் பெட்டிகளும் கிடைத்துவிட்டன. இனி எல்லாம் தெரிந்துவிடும் என்று செய்தி பார்த்தவர்கள் நம்பினார்கள். ஒரு மாதம் கழித்து முதற்கட்ட அறிக்கை வந்தபோது வாக்குவாதம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. பெட்டிக்குள் எல்லாம் பதிவாகியிருந்தால் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பதிவுப் பெட்டி தானாக எதையும் அளப்பதில்லை. விமானத்தின் உடம்பெங்கும் இருக்கும் உணரிகள் சொல்வதை வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த உணரிகளில் மிக முக்கியமான சில, வானிலையை அளப்பதற்கும் நீரோட்டத்தை அளப்பதற்கும் சில நூற்றாண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். அவை எப்படி வேலை செய்கின்றன, எப்போது ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டால்தான் பெட்டியில் இருப்பது எவ்வளவு தூரம் சாட்சி, எங்கிருந்து அது வெறும் எண் என்பது புரியும்.

உயரமும் வேகமும் காற்றிலிருந்து வருகின்றன

1. உயரம். 1643இல் இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் காற்றழுத்தமானியின் அடிப்படையைக் கண்டுபிடித்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1648 செப்டம்பர் 19 அன்று, பிரான்சில் அறிஞர் பாஸ்கலின் அக்காள் கணவர் பெரியே அந்தக் கருவியோடு புய் த டோம் மலையில் ஏறினார். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே பாதரச மட்டம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பதற்கு அது நேரடி நிரூபணம். இன்றைய விமானத்தின் உயரமானியும் அடிப்படையில் அதையேதான் செய்கிறது. விமானத்தின் பக்கவாட்டில் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே வெளிக்காற்றின் நிலை அழுத்தத்தை, அதாவது எதிர்க்காற்று மோதுவதால் வரும் அழுத்தம் சேராத அளவை, அளந்து உயரமாக மாற்றிக் காட்டுகிறது. தரைக்கு அருகே ஏறத்தாழ 8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறையும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றழுத்தம் உயரத்தால் மட்டும் மாறுவதில்லை, வானிலையாலும் மாறும். கடல் மட்டத்தில் வழக்கமான அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டுதான் உயரமானி கணக்குப் போடுகிறது. புயல் சின்னம் நெருங்கி அழுத்தம் 993க்கு இறங்கியிருந்தால், திருத்தம் செய்யாத உயரமானி விமானம் உண்மையில் இருப்பதைவிட சுமார் 160 மீட்டர் மேலே இருப்பதாகக் காட்டும். அதனால்தான் ஒவ்வொரு விமான நிலையமும் தன் அழுத்த அளவை விமானிக்குச் சொல்கிறது, அவர் அதை உயரமானியில் ஏற்றிக்கொள்கிறார். பதிவுப் பெட்டியில் பொதுவாகச் சேர்வது 1013.25ஐ அடிப்படையாகக் கொண்ட உயரம். அதை உண்மையான உயரமாக மாற்ற, அந்த நேரத்து வானிலை அறிக்கை விசாரணையாளருக்கு வேண்டும். பெட்டி மட்டும் கையில் இருந்தால் உயரம்கூட முழுதாகத் தெரியாது.

2. வேகம். 1732இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி பிட்டோ, சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளக்க வளைந்த ஒரு கண்ணாடிக் குழாயை நீரோட்டத்துக்கு எதிரே நீட்டினார். ஓட்டம் வேகமாக இருந்தால் குழாயில் நீர் அதிகம் ஏறும். விமானத்தின் மூக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய் இதே வேலையைக் காற்றில் செய்கிறது. எதிர்க்காற்று தரும் மொத்த அழுத்தத்திலிருந்து நிலை அழுத்தத்தைக் கழித்தால் வேகம் கிடைக்கும். இது காற்றோடு ஒப்பிட்ட வேகம், தரையோடு ஒப்பிட்டது இல்லை. இந்த வேறுபாடு பின்னால் மிகவும் தேவைப்படும்.

இந்தத் தத்துவம் விமானத்துக்கு முன்பே வானிலை நிலையங்களுக்கு வந்துவிட்டது. 1879 டிசம்பர் 28 அன்று ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் இடிந்து, அதன்மேல் போய்க்கொண்டிருந்த ரயில் ஆற்றில் விழுந்தது. காற்று ஒரு கட்டுமானத்தை எவ்வளவு விசையோடு தள்ளும் என்று நம்பகமாக அளக்க அன்று வழியில்லை. அந்தத் தேடலின் தொடர்ச்சியாக 1890களில் வில்லியம் டைன்ஸ் அழுத்தக் குழாய்க் காற்றுமானியை உருவாக்கினார். திடீர் வீச்சுகளைக்கூடத் தாளில் வரைந்து காட்டிய அந்தக் கருவி பல நாடுகளின் வானிலை நிலையங்களில் நெடுங்காலம் ஓடியது.

3. வெப்பநிலை. வேகமாகப் போகும் விமானத்தின் உணரியில் மோதும் காற்று அமுங்கிச் சூடாகும். வெளியே மைனஸ் 55 டிகிரி இருக்கும்போது, ஒலியின் வேகத்தில் 0.8 மடங்கில் பறக்கும் விமானத்தின் உணரியில் மைனஸ் 27 டிகிரி அளவுக்குத் தெரியும். கணினி வேகத்தை வைத்து இதைத் திருத்துகிறது. ஆகவே வேகத்தில் பிழை வந்தால் வெப்பநிலையிலும் பிழை வரும். ஓர் அளவு இன்னோர் அளவைச் சார்ந்து நிற்பதற்கு இது ஓர் உதாரணம்தான், விமானத்தில் இப்படி நிறைய உண்டு.

முள், தாள், கடிகாரம்

அளப்பது ஒன்று, அளந்ததைச் சேர்த்து வைப்பது இன்னொன்று. பழைய வானிலை நிலையங்களில் கடிகாரத்தால் சுழலும் உருளையில் தாள் சுற்றியிருக்கும், மை தொட்ட முள் அதில் அழுத்தத்தையோ வெப்பத்தையோ கோடாக வரையும். லாரிகளில் வைத்த டாகோகிராஃப் என்ற வேகப் பதிவுக் கருவியும் அதே யோசனைதான். வட்டமான தாள் 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும், வேகமும் ஓய்வு நேரமும் அதில் பதியும்.

விமானத்தில் இது எளிதாக இல்லை, ஏனென்றால் விபத்தில் தாள் எரிந்துவிடும். 1939இல் பிரான்சில் பிரான்சுவா உசெனோ புகைப்படச் சுருளில் பதியும் கருவி ஒன்றை விமானச் சோதனைகளுக்காகச் செய்தார். 1950களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரயன் வேகம், உயரம், உலுக்கலின் விசை ஆகியவற்றைப் பதியும் கருவியை உருவாக்கினார். அந்தக் காலத்துப் பதிவுக் கருவிகள் மெல்லிய உலோகத் தகட்டில் ஊசியால் கோடு கீறின. நேரத்தோடு சேர்த்து மொத்தம் ஐந்தே விவரங்கள்.

ஆஸ்திரேலியரான டேவிட் வாரனின் பங்கு வேறு வகையானது. மெல்போர்னில் விமான ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளராக இருந்த அவர், காமெட் ஜெட் விமானங்கள் வானத்தில் சிதறியது குறித்த ஆலோசனைகளில் கலந்துகொண்டார். காரணம் தெரியாமல் நிபுணர்கள் ஊகித்துக்கொண்டிருந்தபோது, விமானிகள் கடைசியாகப் பேசியது கிடைத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. 1954இல் அதை அறிக்கையாக எழுதினார், பிறகு மாதிரிக் கருவியும் செய்தார். எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சும் கருவி அளவுகளும் பதிந்தன. சொந்த நாட்டில் ஆரம்பத்தில் ஆர்வம் காட்டியவர்கள் குறைவு. 1960 ஜூனில் குயின்ஸ்லாந்தின் மெக்காய் அருகே ஒரு விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தார்கள், காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் ஆஸ்திரேலியா விமானி அறை ஒலிப்பதிவைக் கட்டாயமாக்கியது. வாரனின் அப்பா 1934இல் ஒரு விமான விபத்தில் இறந்தவர்.

இன்றைய பெட்டி

பெயர் கறுப்புப் பெட்டி, நிறம் ஆரஞ்சு, தேடுவதற்கு வசதியாக. நினைவகம் இருக்கும் கவசப் பகுதி புவியீர்ப்பைப் போல் 3,400 மடங்கு மோதல் விசையையும், 1,100 டிகிரி நெருப்பை ஒரு மணி நேரமும், 6,000 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தையும் தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. பறப்புத் தரவு குறைந்தது 25 மணி நேரம் இருக்கும். ஒலிப்பதிவு பெரும்பாலான விமானங்களில் 2 மணி நேரம், புதிய விதிகள் அதையும் 25 மணி நேரமாக்கச் சொல்கின்றன. போயிங் 787இல் தரவும் ஒலியும் ஒரே பெட்டியில் சேரும், அப்படி முன்னால் ஒன்று, வால் பக்கம் ஒன்று.

பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உள்ளே வருவது உணரியின் வாக்குமூலம்தான். கோளாறான தராசில் நிறுத்த எடையைக் கணக்கு நோட்டில் எவ்வளவு திருத்தமாக எழுதினாலும் எடை சரியாகிவிடாது. இதற்கு இரண்டு கொடுமையான உதாரணங்கள் இருக்கின்றன.

லிமா, 1996: தரையில் இருந்தவர்களும் அதே பொய்யைத்தான் பார்த்தார்கள்

1996 அக்டோபர் 2 இரவு, பெரு நாட்டின் லிமாவிலிருந்து சாண்டியாகோவுக்குக் கிளம்பிய ஏரோபெரு 603, ஒரு போயிங் 757. விமானத்தைக் கழுவிச் சுத்தம் செய்தவர்கள் நிலை அழுத்தத் துளைகளில் தண்ணீர் போகாமல் இருக்க ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். மேலே ஏறியதும் உயரமும் வேகமும் தாறுமாறாகின. மிகை வேக எச்சரிக்கையும், விமானத்தைத் தாங்கும் தூக்குவிசையை இழக்கும் அபாய எச்சரிக்கையும் ஒரே சமயத்தில் ஒலித்தன.

இருட்டில், கடலுக்கு மேலே, விமானிகள் கட்டுப்பாட்டு அறையிடம் தங்கள் உயரத்தைக் கேட்டார்கள். 9,700 அடி என்று பதில் வந்தது. அது ராடார் தனியாக அளந்த உயரம் இல்லை. விமானத்தின் சொந்த உயரமானி சொல்லும் எண்ணைத்தான் விமானத்திலிருக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி தரைக்கு அனுப்புகிறது. டேப் ஒட்டிய துளை சொன்ன பொய் கீழே போய் அதிகாரபூர்வத் தகவல் போலத் திரும்பி வந்தது. சிறகு கடல்நீரைத் தொட்டபோதும் உயரமானி 9,700 அடி காட்டிக்கொண்டிருந்தது. 70 பேரும் இறந்தார்கள்.

அந்த விமானத்தில் உண்மை சொன்ன கருவி ஒன்று இருந்தது: ரேடியோ அலையைக் கீழே அனுப்பி எதிரொலியால் உயரத்தை அளக்கும் உயரமானி. அதை நம்பி இயங்கும் அமைப்பு 'தரை நெருங்குகிறது' என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது. ஒன்றுக்கொன்று முரணான பல எச்சரிக்கைகளில் எதை நம்புவது என்று விமானிகளால் தீர்மானிக்க முடியவில்லை. காற்றழுத்தத்தைச் சாராத வேறு அளவு இருப்பதால்தான் பின்னால் விசாரணையில் பொய்யையும் உண்மையையும் பிரிக்க முடிகிறது.

அட்லாண்டிக், 2009: பதிவாகாமல் போன திரை

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447, பூமத்திய ரேகைப் பகுதியின் இடிமேகங்களிடையே போனது. உயரத்தில் இருந்த பனிப் படிகங்கள் பிட்டோ குழாய்களை அடைத்தன. குழாய்களில் வெப்பமூட்டி உண்டு, ஆனால் படிகங்கள் அதன் திறனை மீறிக் குவிந்தன. வேக அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் தானியங்கி ஓட்டி விலகிக்கொண்டது. பதிவான அளவுகளின்படி இந்தக் கோளாறு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் விமானத்தின் மூக்கு தூக்கப்பட்டு, விமானம் 38,000 அடி வரை ஏறித் தூக்குவிசையை இழந்தது. தானியங்கி ஓட்டி விலகியதிலிருந்து நாலரை நிமிடத்துக்குள் கடலில் மோதியது. 228 பேர் இறந்தார்கள்.

பெட்டிகள் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து 2011 மே மாதத்தில்தான் எடுக்கப்பட்டன. அவை இல்லாத இரண்டு ஆண்டுகள் பிட்டோ குழாய்தான் குற்றவாளி என்று பேசப்பட்டது. பெட்டி வந்த பிறகு சங்கிலியின் மற்ற கண்ணிகள் தெரிந்தன. அதில் ஒன்று அளவீடு பற்றியதே. வேகம் 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர்) அளவுக்குக் கீழே போனால், காற்று எந்தக் கோணத்தில் சிறகைத் தாக்குகிறது என்ற அளவைக் கணினி நம்பாமல் ஒதுக்கிவிடும். அதனால் விமானம் மிக மோசமான நிலையில் இருந்தபோது தூக்குவிசை இழப்பு எச்சரிக்கை ஒலி நின்றது. மூக்கைத் தாழ்த்தி நிலைமையைச் சரிசெய்ய முயன்றபோது, வேகம் கூடி, எச்சரிக்கை மீண்டும் ஒலித்தது. சரியானதைச் செய்தால் திட்டும், தவறைச் செய்தால் அமைதியாகும் கருவி.

இன்னொன்றும் உண்டு. அப்போது விமானத்தை ஓட்டியவர் வலது இருக்கையில் இருந்தார். அவர் திரையில் தெரிந்த வேகம் பெட்டியில் பதிவாகவில்லை. இடப்பக்கத் திரையின் வேகமும் மாற்றுக் கருவியின் வேகமும்தான் பதிவாகின. முடிவெடுத்தவர் கண்ணால் என்ன பார்த்தார் என்பதைக் கணித்துத்தான் சொல்ல முடிந்தது.

பதிவுப் பெட்டியிலிருந்து கிடைத்த வானிலைக் கண்டுபிடிப்பு

இதுவரை சொன்னது அளவுகள் ஏமாற்றும் கதை. எதிர்த்திசையிலும் ஒன்று நடந்திருக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கதை அது.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் 66 விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்து 113 பேர் இறந்தார்கள். அதே பாதையில் சற்று முன் இறங்கிய சில விமானங்கள் தடுமாறின, வேறு சில சாதாரணமாக இறங்கின. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூறாவளி ஆய்வாளர் தெட்சுயா ஃபுஜிட்டா விமானங்களின் பதிவுகளை எடுத்துக் காற்றை மீண்டும் வரைந்தார். இடிமேகத்திலிருந்து சிறு பரப்பில் காற்று செங்குத்தாக இறங்கி, தரையில் மோதி எல்லாத் திசையிலும் விரிகிறது என்பது அவர் முடிவு.

அது விமானத்துக்கு என்ன செய்யும்?

1. இறங்கும் விமானம் காற்றோடு ஒப்பிட 140 நாட் வேகத்தில் வருகிறது, அதில் 20 நாட் எதிர்க்காற்று தந்தது. தரையோடு ஒப்பிட வேகம் 120.
2. கீழிறங்கும் காற்றுக்குள் நுழைந்தால் விமானம் அமுக்கப்படுகிறது.
3. மறுபக்கம் வந்ததும் எதிர்க்காற்று 20 நாட் பின்காற்றாக மாறுகிறது. விமானத்தின் நிறை காரணமாக தரை வேகம் உடனே மாறாது, 120இலேயே இருக்கும். காற்றோடு ஒப்பிட்ட வேகம் மட்டும் 100க்கு விழுகிறது. தூக்குவிசை தருவது இந்த வேகம்தான்.

ஓரிரு கிலோமீட்டர் அகலத்தில், சில நிமிடங்கள் மட்டுமே இருக்கும் நிகழ்வு இது. நிலையத்தில் ஒரே இடத்தில் நிற்கும் காற்றுமானிக்குத் தெரியாமலே போய்விடலாம். அதனால்தான் வானிலையாளர் பலர் ஃபுஜிட்டாவை முதலில் நம்பவில்லை. 1978இல் சிகாகோ அருகிலும் 1982இல் டென்வரிலும் காற்றின் வேகத்தையும் காட்டும் டாப்ளர் ராடார்களை வைத்து அளந்தபோது இவை அடிக்கடி நடப்பது தெரிந்தது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் டெல்டா 191 விமானம் இதே காரணத்தால் விழுந்தது. அதன் டிஜிட்டல் பதிவு காற்றின் வடிவத்தை முன்பைவிட நுணுக்கமாகக் காட்டியது. அதன் பின் விமானங்களில் இதைக் கண்டறியும் கருவி கட்டாயமானது, முக்கிய நிலையங்களுக்குத் தனி ராடார்கள் வந்தன.

இதே கணக்கு இப்போது தினசரி வேலையாகிவிட்டது. தரை வேகத்துக்கும் காற்று வேகத்துக்கும் உள்ள திசையோடு கூடிய வேறுபாடுதான் காற்று. உலக வானிலை அமைப்பின் ஆம்டார் திட்டத்தில் பயணிகள் விமானங்கள் பறக்கும்போதே காற்றையும் வெப்பத்தையும் அனுப்புகின்றன. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வானிலை பலூன் வழக்கமாக நாளுக்கு இரண்டு முறைதான் ஏறும், இடைப்பட்ட நேரத்தில் ஏறி இறங்கும் விமானங்கள் அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை. 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது முன்னறிவிப்பு மையங்களுக்கு இந்தத் தரவு பெருமளவு குறைந்தது.

காரில் இருக்கும் பெட்டி

காரின் ஏர்பேக் கணினிக்குள் ஒரு சிறு பதிவுக் கருவி உண்டு. அமெரிக்க விதி நெடுங்காலம் மோதலுக்கு முந்தைய 5 விநாடிகளை, விநாடிக்கு இரண்டு முறை பதியச் சொன்னது. 2024 டிசம்பரில் அதை 20 விநாடி, விநாடிக்குப் பத்து முறை என்று மாற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதிய கார்களுக்கு இது கட்டாயம்.

இங்கேயும் அதே எச்சரிக்கை பொருந்தும். பெரும்பாலும் பதிவாவது சக்கரம் சுழன்ற வேகம். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கினால், வண்டி போன வேகத்தைவிடப் பதிவில் குறைவாகவே இருக்கும். வெளி வெப்பநிலை உணரியும் முன் பம்பர் அருகே இருப்பதால், நெரிசலில் நிற்கும்போது சாலையின் சூட்டையும் எஞ்சினின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும்.

அகமதாபாத் பதிவை எப்படிப் படிப்பது

அறிக்கையின்படி வால் பக்கப் பெட்டி கடுமையாகச் சேதமடைந்திருந்தது. முன்பக்கப் பெட்டியின் தரவு 2025 ஜூன் 25 அன்று டெல்லி ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்டது: சுமார் 49 மணி நேரப் பறப்புத் தரவு, 2 மணி நேர ஒலி. தரையைவிட்டு எழும்பிய சிறிது நேரத்தில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் 'நிறுத்து' நிலைக்கு மாறின, சுமார் 10 விநாடிக்குப் பின் ஒவ்வொன்றாகத் திரும்பவும் இயங்கு நிலைக்கு வந்தன.

1. பெட்டியில் பதிவானது சுவிட்சின் மின் நிலை. விரல் ஏதும் பதிவாகவில்லை. ஆனால் எஞ்சின் சுழற்சி குறைந்ததும் தனியே பதிவாகியிருக்கிறது. சுயேச்சையான இரண்டு அளவுகள் பொருந்துவதால், எரிபொருள் நின்றது என்பது வலுவான முடிவு.
2. ஒவ்வொரு விவரமும் குறிப்பிட்ட இடைவெளியில்தான் மாதிரி எடுக்கப்படும். விநாடிக்கு ஒருமுறை பார்க்கும் ஓர் அளவில், நிகழ்வு அந்த விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். 'ஒரு விநாடி இடைவெளி' என்பதை வைத்து இது கை வேலையா, மின்கோளாறா என்று தீர்ப்பு எழுதியவர்கள் மாதிரி எடுக்கும் வேகத்தைக் கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும்.
3. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதாகவும் நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னதாகவும் அறிக்கை சொல்கிறது. யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்று அது சொல்லவில்லை. முழு உரையாடலும் அதில் இல்லை. அந்த இரண்டு வரியை வைத்து இறந்தவர்களின் மனநிலையை அலசியது அநியாயம்.

விமானி அறையில் படம் பிடிக்கும் பதிவுக் கருவி வேண்டும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் 2000இலிருந்தே கேட்டுவருகிறது. ஏர் பிரான்ஸ் விபத்துக்குப் பின் பிரெஞ்சு விசாரணை அமைப்பும் கருவிப் பலகை முழுவதும் தெரியும்படியான பதிவைப் பரிந்துரைத்தது. விமானி சங்கங்கள் தனியுரிமை காரணமாக எதிர்க்கின்றன, ஒலிப்பதிவுகள் கசிந்த வரலாறு இருப்பதால் அந்த பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் முகங்கள் படாமல், பலகையையும் சுவிட்சுகளையும் மட்டும் பார்க்கும் கேமராவை மறுப்பதற்கு எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை. 2009இல் வலது திரையில் என்ன தெரிந்தது, 2025இல் அந்தச் சுவிட்சுகளுக்கு அருகே என்ன நடந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது நேரடியாகப் பதில் சொல்லியிருக்கும்.